தைரொட்சினைக் குறைத்தும் அடங்காத தைரொயிட்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தைரொயிட் சுரப்புக் குறைவுக்காகப் பல ஆண்டுகள் தைரொட்சின் குளிசை எடுத்துவருபவர் ஒருவரின் இரத்தத்தில், தைரொயிட்டைத் தூண்டுவதற்காகக் கபச் சுரப்பி சுரக்கும் ரி.எஸ்.எச். ஓமோனின் அளவு தாழ்ந்து காணப்பட்டால், குளிசை கூடிவிட்டது என்றே வைத்தியர் முதலில் எண்ணுவார். பெரும்பாலான நோயாளரில் அந்த எண்ணம் சரியானதே. இங்கே விபரிக்கப்படும் நோயாளியில் அது பாதி வழிக்கு மேல் செல்லுபடியாகவில்லை. சொந்த நிர்ப்பீடனமே தைரொயிட்டை அழிக்கும் ஹஷிமொட்டோ நோயால் செயலிழந்துவிட்டதாகக் கருதப்பட்ட அவருடைய சுரப்பி, 12 ஆண்டுகளுக்குப் பின்னர் கிரேவ்ஸ் நோயினால் தூண்டப்பட்டு அளவுக்கு மிஞ்சிச் சுரக்கத் தொடங்கியிருந்தது. குளிசையைக் குறைத்துக்கொண்டே போன எட்டு மாதங்களில் அது தெரியவராமல் இருந்ததற்கான காரணங்களும், தெரியவந்த வழியும், சிகிச்சையின் நடுவே குறுக்கிட்ட ஒரு காய்ச்சலும் இவ்வாய்வின் பொருள். நோயாளியின் அடையாளத்தைக் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முதலாவது நோய்

நோயாளி யாழ்ப்பாணக் குடாநாட்டில் வசிக்கும் ஓர் ஆசிரியை. 2011ஆம் ஆண்டில், இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருடமளவில், தீராத அலுப்பு, மலச்சிக்கல், தலைமயிர் உதிர்தல், உடல் பருத்தல் ஆகியவற்றுடன் அவர் வைத்தியரை நாடியபோது வயது 31. அப்போதைய ரி.எஸ்.எச். அளவு 48. இதன் வழமையான எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரையாகும். தைரொயிட் சுரக்கும் ரி4 ஓமோனில் புரதத்தில் ஒட்டாத பங்கான சுயாதீன ரி4 அளவு 0.5 ஆகத் தாழ்ந்திருந்தது (வழமை 0.9 முதல் 1.7 நனோகிராம்/டெசிலீட்டர்). தைரொயிட் பெரொக்சிடேஸ் என்னும் நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரி மிக உயர்வாக இருந்தது. தாயாரும் கழுத்துக் கழலைக்கு மருந்து எடுத்தவர்; மூத்த சகோதரிக்கு வெண்புள்ளி உண்டு. ஹஷிமொட்டோ நோய் என்ற முடிவில் ஐயப்பட எதுவும் இருக்கவில்லை.

50 மைக்கிரோகிராமில் தொடங்கிய தைரொட்சின் சில மாதங்களில் 100 மைக்கிரோகிராமை எட்டி அங்கேயே நிலைத்தது. சுரப்பி முற்றாகச் செயலிழந்த ஒருவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்கிரோகிராம் தேவைப்படும். இவரது நிறை 61 கிலோ என்பதால், அவருக்குக் கொடுக்கப்பட்டது ஏறக்குறைய முழு ஈடு. அதாவது, அவருடைய சொந்தச் சுரப்பி அக்காலத்தில் மிகச் சொற்பமாகவே சுரந்தது. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

அடுத்த 11 ஆண்டுகளிலும் ரி.எஸ்.எச். 1.5க்கும் 3க்கும் இடையிலேயே நின்றது. விடிய எழும்பியதும் தண்ணீருடன் குளிசை, முக்கால் மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி என்ற ஒழுங்கை அவர் ஒருநாளும் குழப்பியதில்லை. கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே எழுத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: அதே மருந்து, ஆறு மாதத்தில் வரவும்.

குறையக் குறையக் கூடிய படபடப்பு

2023 பெப்ரவரியில் வழமையான பரிசோதனையில் ரி.எஸ்.எச். 0.04 ஆக இருந்தது. குளிசை 75ஆகக் குறைக்கப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் ரி.எஸ்.எச். அளவிடக்கூடிய எல்லைக்கும் கீழே போயிருந்ததால் 50 ஆக்கப்பட்டது. ஜூலையிலும் அதே நிலைதான்; 25 ஆக்கப்பட்டது. மூன்று தடவையும் பார்க்கப்பட்டது ரி.எஸ்.எச். மட்டுமே. தைரொயிட்டின் சொந்த ஓமோன்களான ரி4, ரி3 இரண்டும் பார்க்கப்படவில்லை.

இதைத் தவறென்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. தைரொட்சினின் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லும். புதிய அளவு உடலில் நிலைகொள்ள ஆறு வாரங்களாவது தேவை. நீண்ட காலம் அடங்கியிருந்த கபச் சுரப்பி மீண்டும் ரி.எஸ்.எச். சுரக்கத் தொடங்குவதற்கு அதைவிடவும் நாளாகலாம். எனவே முதலாவது குறைப்பு முற்றிலும் சரி, இரண்டாவதும் ஏற்கத்தக்கதே. மூன்றாவது முறை, மருந்து பாதியான பின்னரும் ரி.எஸ்.எச். அசையாதிருந்த நிலையில், ரி4 பார்க்காமல் மேலும் குறைத்ததே என்னால் ஏற்க முடியாத படி. செலவைக் கருதி ரி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் வழக்கம் நிலையான நோயாளர்களுக்குப் போதும். எதிர்பார்த்தபடி நடக்காத நோயாளிக்கு அது போதாது.

வீட்டிலும் பாடசாலையிலும் அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கைவசம் இருந்தது. வேர்வைக்கு யாழ்ப்பாணத்து வெயில். நித்திரையின்மைக்கும் எரிச்சலுக்கும் மாதவிடாய் நிற்கப்போகும் வயது. கைநடுக்கத்துக்குப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலைப்பளு. நிறை குறைந்தது நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. 25 நாளும் விரதம் பிடித்தவர் மெலிவது இயல்புதானே என்று சொன்னவர்களில் பாதிப் பேர் அதைப் பாராட்டாகவே சொன்னார்கள். விரதம் முடிந்து மச்சம் சாப்பிடத் தொடங்கிய பிறகும், முன்பைவிடக் கூடுதலாகப் பசித்துச் சாப்பிட்டும், நிறை தொடர்ந்து இறங்கியது. ஒக்ரோபரில் அவர் எங்களிடம் வந்தபோது நிறை 53 கிலோ.

அவர் சொன்ன முதல் வாக்கியத்தையே கொப்பியில் எழுதிக்கொண்டேன்: "டொக்டர், குளிசையைக் குறைக்கக் குறைக்க எனக்கு நெஞ்சு கூடத்தான் அடிக்குது." மருந்து கூடியதால் வந்த தொல்லையென்றால் நடக்கவேண்டியது இதற்கு நேர்மாறானது. நோய்க்குறிப்பு முழுவதிலும் இதைவிடப் பெறுமதியான தடயம் வேறு இருக்கவில்லை.

பரிசோதனையில் கண்டவை

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, சீரானது. குருதி அமுக்கம் 148/66. உள்ளங்கைகள் சூடாகவும் ஈரமாகவும் இருந்தன. கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்தபோது அதன் ஓரம் மெல்ல நடுங்கியது. கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் எழும்ப அவரால் முடியவில்லை. தொடைத் தசைகளின் பலம் அந்தளவுக்குக் குன்றியிருந்தது. கீழ்நோக்கிப் பார்க்கச் சொன்னபோது மேலிமை கண்மணியுடன் சேர்ந்து இறங்காமல் சற்றுப் பின்தங்கி, இடையே வெள்ளை விழி ஒரு கீற்றாகத் தெரிந்தது. கண் துருத்தல், இரட்டைப் பார்வை, வலி எதுவும் இல்லை.

கழுத்தில் சுரப்பி இரு பக்கமும் ஒரே சீராக, வழமையை விட இரு மடங்களவு பருத்திருந்தது. நாட்பட்ட ஹஷிமொட்டோ நோயில் சுரப்பி றப்பர் போன்று இறுகியிருக்கும், அல்லது சுருங்கிக் கைக்கு அகப்படாது போகும். இவரது சுரப்பி மென்மையாக இருந்ததுடன், அதன்மேல் இதயமானியை வைத்தபோது குருதி விரைந்து பாயும் இரைச்சலும் கேட்டது. 11 ஆண்டுக் குறிப்புகளில் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை என்பதால், இந்தப் பருமன் எப்போது தொடங்கியது என்று கூற வழியில்லை.

தைரொட்சின் அன்றே முற்றாக நிறுத்தப்பட்டது. அன்று எடுத்த குருதியில் ரி.எஸ்.எச். 0.01க்குக் கீழ், சுயாதீன ரி4 4.1, சுயாதீன ரி3 13.2 (வழமை 2.0 முதல் 4.4 பிக்கோகிராம்/மில்லிலீட்டர்). இங்கேதான் முன்னர் சொன்ன கணக்கு உதவுகிறது. 100 மைக்கிரோகிராம் எடுத்த காலத்தில் இவரது ரி4 வழமையான எல்லைக்குள் இருந்தது. இப்போது அதில் கால்வாசி மட்டும் எடுக்கிறார். ரி4 உச்ச எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 25 மைக்கிரோகிராம் குளிசை எந்த உடலிலும் இதைச் செய்யாது. மிகுதி ஓமோன் வேறெங்கோ இருந்து வந்தாக வேண்டும். அவர் ஒளித்து மேலதிகமாகக் குளிசை எடுக்காவிட்டால், அந்த இடம் அவருடைய சொந்தச் சுரப்பிதான்.

ஒளித்து எடுக்கும் சாத்தியத்தையும் எண்களே விலக்கின. தைரொட்சின் குளிசை ரி4 ஆகும். அதை மிதமிஞ்சி எடுப்பவரில் ரி4 முன்னே ஓட, ரி3 பின்னே செல்லும். இவரிலோ ரி3 வழமையான உச்சத்தின் மூன்று மடங்காகி, ரி4இனை விஞ்சி நின்றது. தானே மிகைப்படச் சுரக்கும் சுரப்பியின் குணம் அது. தைரொயிட் சுரப்பியே உருவாக்கும் தைரொகுளோபுலின் என்னும் புரதத்தின் அளவை வைத்தும் இதைத் தீர்மானிக்கலாம் என்று நூல்கள் கூறும். ஆனால் ஹஷிமொட்டோ நோயாளர் பலரின் குருதியில் தைரொகுளோபுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளே இருந்து அந்த அளவீட்டைக் குழப்புவதால் அதை நாம் நாடவில்லை.

லண்டனிலிருந்து வந்த போத்தல்

முடிவை எழுதுவதற்கு முன் ஒரு தடை எதிர்ப்பட்டது. வேறு ஏதேனும் குளிசை, விற்றமின், நாட்டு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்றவர், தலைமயிருக்கு ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டபோது மட்டும் கைப்பைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்தார். மயிர் உதிர்வதாகத் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு லண்டனில் இருக்கும் அக்கா பார்சலில் அனுப்பியது. அக்கா அனுப்பியதை அவர் மருந்து என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. லேபலில், ஒரு குளிசையில் 10 மில்லிகிராம் பயோட்டின்.

பயோட்டின் ஒரு விற்றமின்; உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. தைரொயிட் பரிசோதனைகளைச் செய்யும் இயந்திரங்கள் சிலவற்றின் வேதிமுறையே பயோட்டினைப் பற்றிக்கொண்டு இயங்குவதால், குருதியில் அது மிகுந்திருந்தால் ரி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும், ரி4உம் ரி3உம் பொய்யாக உயர்ந்தும் காட்டும். கிரேவ்ஸ் நோயின் பிறபொருளெதிரிப் பரிசோதனைகூடச் சில முறைகளில் பொய்யாக உயரும். அதாவது, நோயே இல்லாத ஒருவருக்கு அச்சொட்டாகக் கிரேவ்ஸ் நோயின் அறிக்கையை ஓர் அழகுக் குளிசை தந்துவிடக்கூடும். வெளிநாட்டுப் பார்சல் வராத வீடு குறைவான நமது பிரதேசத்தில், தைரொயிட் அறிக்கையைக் கையில் எடுக்கும் எவரும் இதைக் கேட்டேயாக வேண்டும். அதுவும் "மருந்து" என்ற சொல்லைத் தவிர்த்துக் கேட்பது நல்லது.

இவரது உடலில் கண்ட அறிகுறிகளை எந்த இயந்திரப் பிழையாலும் விளக்க முடியாது. எனினும், நீண்ட காலச் சிகிச்சை ஒன்றை ஐயத்துக்குரிய எண்களின் மேல் தொடங்குவது முறையல்ல. பயோட்டினை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மீண்டும் குருதி எடுத்தோம். எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கிரேவ்ஸ் நோயைக் காட்டும், ரி.எஸ்.எச். வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரிக்கான மாதிரி தனியார் ஆய்வுகூடம் ஒன்றினூடாகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. விடை 9.4, 1.75க்கு மேற்பட்டால் நேர்விடை. அழற்சியால் சுரப்பியிலிருந்து ஓமோன் கசியும் தற்காலிக நிலையில் இந்தப் பிறபொருளெதிரி பொதுவாகக் காணப்படாது. அந்த நிலை இத்தனை மாதங்கள் நீடிப்பதும் வழமையல்ல. டொப்ளர் ஸ்கானில் சுரப்பி முழுவதும் குருதியோட்டம் பெருகியிருந்தது. கதிரியக்க ஸ்கானுக்கு அவரை அலைக்கழிக்கத் தேவை எழவில்லை. கர்ப்பப் பரிசோதனை எதிர்விடை. இ.சி.ஜி.யில் இதயம் விரைந்தடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரே சுரப்பியில் இரு நோய்கள்

டப்ளின் நகரத்து வைத்தியர் றொபேட் கிரேவ்ஸ் தம் பெயரால் வழங்கும் நோயை விபரித்தது 1835இல். யப்பானியச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹக்காரு ஹஷிமொட்டோ, நான்கு பெண்களின் சுரப்பிகளில் நிணநீர்க் கலங்கள் மண்டியிருந்ததைக் கண்டு எழுதியது 1912இல். ஒன்று சுரப்பியை ஓடவைப்பது, மற்றது அதை அழிப்பது என்பதால், இவை தொடர்பற்ற இரு நோய்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. ஹஷிமொட்டோ நோயாளரின் குருதியில் தைரொகுளோபுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும், கிரேவ்ஸ் நோயாளரின் குருதியில் சுரப்பியை நெடுநேரம் தூண்டும் ஒரு பொருளும் ஒரே ஆண்டில், 1956இல், வெவ்வேறு ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டன. அந்தத் தூண்டும் பொருளும் ஒரு பிறபொருளெதிரிதான் என்று பின்னர் தெளிவானது.

தைரொயிட் கலத்தின் மேற்பரப்பில் ரி.எஸ்.எச். வந்தமரும் வாங்கி ஒன்று உண்டு. அதற்கு எதிராக உருவாகும் பிறபொருளெதிரிகளில் ஒரு வகை, ரி.எஸ்.எச். போலவே நடித்து வாங்கியைத் தூண்டும். இன்னொரு வகை, பூட்டில் பொருந்தியும் திரும்பாத சாவியைப் போல, வாங்கியில் அமர்ந்து ரி.எஸ்.எச்.ஐ நெருங்கவிடாமல் தடுக்கும். இரண்டும் ஒரே ஆளின் குருதியில் ஒரே காலத்தில் இருக்கக்கூடும். எந்த வகை மேலோங்குகிறதோ அதற்கேற்பச் சுரப்பி ஓடும் அல்லது அடங்கும். தைரொட்சின் எடுத்துவரும் சிலரில் தடுக்கும் வகை காலப்போக்கில் குறைய, தூண்டும் வகை மேலெழுகிறது. கிரேவ்ஸ் நோய்க்கான மருந்து எடுப்பவரில் இதற்கு எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு.

இதிலிருந்து இவரைப் பற்றி ஓர் ஊகத்துக்கு வரலாம். 2011இல் அவரது சுரப்பி முற்றாக அழிந்திருந்தால் 2023இல் அதைத் தூண்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எனவே தொடக்கத்துச் சுரப்புக் குறைவில் ஒரு பங்காவது, அழிவினால் அன்றித் தடுக்கும் பிறபொருளெதிரியால் வந்திருக்க வேண்டும். அக்காலத்து மாதிரி சேமிக்கப்படாததால் இதை நிறுவ முடியாது. சுரப்புக் குறைவுள்ள எல்லோருக்கும் வாங்கிப் பிறபொருளெதிரியைப் பார்க்கவேண்டும் என்றும் இதை வைத்து வாதிடமாட்டேன். செலவுக்கு ஏற்ற பயன் அதில் இல்லை.

திசை மாறிய நிகழ்வுகளும் உண்டு. கிரேவ்ஸ் நோய்க்கு, சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மருந்தை எடுத்துக் குணமடைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. வேறு சிலருக்கோ ஆண்டுகள் கழித்து ஹஷிமொட்டோ வகைச் சுரப்புக் குறைவு வந்துசேர்கிறது. கழலைக்காகக் கதிரியக்க அயடீன் பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, சில மாதங்களில் கிரேவ்ஸ் நோய் தலைகாட்டுவதும் பதிவாகியுள்ளது. சுரப்பியை வெட்டி அகற்றியபின்னும் பிறபொருளெதிரி மட்டும் குருதியில் தங்கிவிடலாம். அத்தகைய பெண் கர்ப்பமுற்றால் அது சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தையின் தைரொயிட்டைத் தூண்டும். முன்னொரு காலத்தில் கிரேவ்ஸ் நோய்க்குச் சிகிச்சை பெற்ற கர்ப்பிணிகள், இப்போது தைரொட்சினில் நலமாக இருந்தாலும், அந்தப் பழைய வரலாற்றைப் பிரசவ கிளினிக்கில் சொல்லியாக வேண்டும் என்பது இதனால்தான்.

உறவினர் கேட்ட கேள்வியையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். கோவாவும் மரவள்ளியும் ஒடியற்கூழும்தான் காரணமா? அல்ல. மரவள்ளியில் தைரொயிட்டுக்கு இடைஞ்சலான பொருள் உண்டென்பது மெய்யே. அது அயடீன் பற்றாத உடலில்தான் பெரிதாகும். இலங்கையில் அயடீன் குறைவால் கழலை மலிந்திருந்தது தென்மேற்கு ஈரவலயத்திலேயே. 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதும் சட்டமாகவும் உள்ளது. இவருக்கு வந்தது நிர்ப்பீடனத்தின் கோளாறு. கூழை நிறுத்தி அதைத் திருத்த முடியாது.

சிகிச்சையும் டிசம்பர்க் காய்ச்சலும்

முட்டு வருத்தம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இதயத் துடிப்பைத் தணிக்கும் புரொப்பிரனலோல் 40 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளையும், கார்பிமசோல் 20 மில்லிகிராமும் ஒக்ரோபர் இறுதியில் தொடங்கப்பட்டன. கார்பிமசோல் எடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டு தொடக்கம் ஐந்து பேரளவில், தொற்றை எதிர்க்கும் நடுநாடி வெண்குழியங்கள் (நியூட்ரோபில்) திடீரென அற்றுப்போகும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழும் இவ்விளைவு தொண்டை நோவும் காய்ச்சலுமாகவே வெளிப்படும். ஆகவே காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே மருந்தை நிறுத்திக் குருதிக்கல எண்ணிக்கை பார்க்கவேண்டும் என்று கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால் எழுதி, அதை அவரிடமே வாசிக்கச் சொன்னோம்.

மாரிமழை தொடங்கிய பின்னர், ஆறாவது வாரத்தில், அவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் உடல் உளைவும் வந்தன. அவர் சொன்னபடியே செய்தார்: கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்று பின்னேரமே குருதி கொடுத்தார். மொத்த வெண்குழியங்கள் 2,900. குருதிச் சிறுதட்டுக்கள் 118,000.

இந்த இடத்தில் இரு பாதைகள் பிரிகின்றன. கார்பிமசோலும் வெண்குழியங்களைக் குறைக்கும், டெங்குவும் குறைக்கும். மழைக்காலத்து யாழ்ப்பாணத்தில் இரண்டாவதே பன்மடங்கு வாய்ப்புள்ளது என்றாலும், முதலாவது தவறினால் உயிர் போகும். நடுநாடி வெண்குழியங்கள் 1,600 ஆக இருந்தன. மருந்தின் அந்த ஆபத்தான விளைவில் எண்ணிக்கை 500க்குக் கீழே விழும். சிறுதட்டுக்களும் சேர்ந்து குறைந்திருந்தமை டெங்குவின் பக்கம் சாய்ந்தது. டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நேர்விடை தந்ததும் அவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டார்.

அங்கே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. டெங்கு நோயாளியின் குருதி நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குவதை முதலில் காட்டுவது நாடித்துடிப்பின் ஏற்றம். இவரிலோ தைரொயிட் மிகைப்பால் நாடி முன்னமே ஏறியிருந்தது. புரொப்பிரனலோல் அதை இழுத்துப் பிடித்திருந்தது. விடுதிப் பதிவேட்டில் எழுதப்படும் நாடித்துடிப்பு எண், அவரைப் பொறுத்தவரை, எதையும் உணர்த்தாத எண்ணாகிவிட்டது. விடுதி வைத்தியர்களுக்கு இதைத் தனியே எழுதிக் கொடுத்தோம்: நாடியை நம்ப வேண்டாம், பி.சி.வி. (குருதியில் செங்குழியங்களின் பங்கு) ஏற்றத்தையும், குருதி அமுக்கத்தின் மேல் கீழ் எண்களுக்கு இடையிலான வித்தியாசம் ஒடுங்கி 20ஐ அண்டுகிறதா என்பதையும், கைகால் குளிர்வதையும், சிறுநீரின் அளவையும் பாருங்கள் என்று. புரொப்பிரனலோலை முற்றாக நிறுத்தினால், தொற்று நோயின் நடுவே தைரொயிட் மிகைப்புக் கட்டுமீறிப் போகும் அபாயமும் உண்டு. அளவைப் பாதியாக்கி, வேளைக்கு வேளை பார்த்துக் கொடுப்பதென்று முடிவாகியது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே; டெங்குவில் அஸ்பிரின் ஆகாது, தைரொயிட் மிகைப்பிலும் அது புரதத்தில் ஒட்டியிருக்கும் ஓமோனை விடுவிப்பதால் ஆகாது.

நல்வாய்ப்பாக, ஆறு வாரக் கார்பிமசோலால் ரி4 அதற்குள் 1.9ஆக இறங்கியிருந்தது. திரவக் கசிவு ஏற்படவில்லை. வெண்குழியங்கள் வழமைக்குத் திரும்பியதும் கார்பிமசோல் 10 மில்லிகிராமில் மீண்டும் தொடங்கப்பட்டது. எண்ணிக்கை அதன்பின் குறையவில்லை.

மறுபடியும் மாறிய திசை

2024 பெப்ரவரியில் ரி4 1.2, நிறை 57 கிலோ, நாடி 78. புரொப்பிரனலோல் நிறுத்தப்பட்டு, கார்பிமசோல் 5 மில்லிகிராம் ஆக்கப்பட்டது. வழமையாக 12 தொடக்கம் 18 மாதங்கள் இம்மருந்தைத் தொடர்ந்து, பிறபொருளெதிரி மறைந்ததா என்று பார்த்து நிறுத்துவது வழக்கம். இவர் அதுவரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதத்தில் குரல் கரகரத்து, முகம் அதைத்து வந்தார். ரி.எஸ்.எச். 22, ரி4 0.6. நாளுக்கு 5 மில்லிகிராம் கார்பிமசோல் மட்டும் ஒரு சுரப்பியை இவ்வளவு தாழ்த்துவது கடினம். மருந்தை நிறுத்தி ஆறு வாரம் பார்த்தோம், ரி.எஸ்.எச். 41 ஆகியது. வாங்கிப் பிறபொருளெதிரி 1.2 ஆக, எதிர்விடை எல்லைக்குள் இறங்கியிருந்தது.

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. தூண்டும் பிறபொருளெதிரி ஓய்ந்ததும் ஹஷிமொட்டோவின் அழிவு வெளிப்பட்டிருக்கலாம். அல்லது தடுக்கும் வகை மீண்டும் கையோங்கியிருக்கலாம். பிறபொருளெதிரி எல்லைக்குள் இறங்கியிருப்பதால் முன்னையதையே நான் கூடுதலாக நம்புகிறேன். நோயாளிக்கு இரண்டும் ஒரே சிகிச்சைதான்: தைரொட்சின். 50இல் தொடங்கி, இப்போது 75 மைக்கிரோகிராமில் ரி.எஸ்.எச். 2.4 என நிற்கிறது. 12 ஆண்டுகள் எடுத்த 100 மைக்கிரோகிராமுக்கு அவரை ஒரேயடியாகத் திருப்பவில்லை.

கண்களில் இமைப் பின்தங்கல் மறைந்துவிட்டது. மாலையில் மண் விழுந்தது போன்ற உறுத்தல் மட்டும் மீதி. அதற்குக் கண்ணீர்த் துளிகள் போதுமாக உள்ளன. அக்கா இம்முறை செலினியம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். இலேசான கிரேவ்ஸ் கண்நோயில் நாளுக்கு இரு வேளை 100 மைக்கிரோகிராம் செலினியம் ஆறு மாதங்கள் பயன் தந்ததாக 2011இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது உண்மை. அது கண்ணில் தெளிவான நோய் உள்ளவர்களுக்கு. இவருக்குத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தோம்.

மூன்றாம் முறையும் திசை மாறினால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசி வைத்துள்ளோம். கார்பிமசோலையும் தைரொட்சினையும் சேர்த்துக் கொடுத்து, சுரப்பியை அடக்கி வெளியிலிருந்து ஈடுசெய்வது ஒரு வழி. கதிரியக்க அயடீன் இன்னொன்று. கண்ணில் உறுத்தல் உள்ளவருக்கு அது கண்நோயை முடுக்கிவிடக்கூடும் என்பதால் ஸ்டெரொயிட் பாதுகாப்பு வேண்டியிருக்கும். சுரப்பியை முழுமையாக அகற்றுவது மூன்றாவது. பேச்சு நரம்புக்கும் கல்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளுக்கும் சேதம் நேரும் சிறு அபாயத்தோடு, இந்த ஊசலாட்டத்தை நிரந்தரமாக முடிப்பதும் அதுவே. ஓர் ஆசிரியைக்குக் குரல் தொழிலின் கருவி என்பதால் சத்திரசிகிச்சையை மறுப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் அதையே தெரிவு செய்தார். இன்னொரு வருடத்தை இப்படிக் கழிக்க இயலாது என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போதைக்கு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ரி.எஸ்.எச்.உடன் ரி4உம் பார்க்கப்படுகிறது. ஒரு வருடம் நிலைத்தால் இடைவெளி நீட்டப்படும். 16 வயது மகளுக்கு அறிகுறி எதுவும் இல்லாததால் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்யவில்லை; கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரி.எஸ்.எச். ஒன்று எடுத்து, மெலிவோ பருமனோ மாதவிடாய்க் குழப்பமோ கண்டால் தாமதிக்காமல் வரும்படி தாய்க்கும் மகளுக்கும் சொல்லப்பட்டது.